கதை, வசனம்: நீங்கள்தான்!

சென்னையில் கத்திரி வெயிலை ஒட்டிப் புது நாடகங்கள் காய்க்கும். மாங்காய் மாதிரிதான். சில பழுக்கும், சில வெம்பும், சில ஊறுகாய்க்கு ஆகும். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் கோடைதோறும் நடத்தும் கோடை நாடக விழாவுக்கென்றே அமெச்சூர் குழுக்கள் புது நாடகம் தயாரிக்கின்றன. கடைசியில் சிறந்த நாடகம், சிறந்த நடிகர், சிறந்த கதாசிரியர் என்று விருதுகளும் உண்டு. இப்படி ஏதாவது ஒரு விழா மேடையில் உங்கள் பெயரையும் மைக்கில் கேட்க வேண்டும் என்று விபரீத ஆசை வந்துவிட்டதா? அந்த ஆசைக்கு ஒரு முறை இணங்கியவன் என்ற தகுதியில் சில யோசனைகள் சொல்கிறேன்.

1. வேலையை விடாதீர்கள்

சபா நாடகம் என்பது சம்பளம் வாங்கிக்கொண்டே செய்யும் கலை. சம்பளம் வேறிடத்தில். பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீலாகவும் பிறகு நீதிபதியாகவும் இருந்துகொண்டே தொண்ணூறுக்கு மேல் நாடகங்கள் எழுதினார். கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸில் இருந்தபடி எழுதினார். பூர்ணம் விஸ்வநாதன் வானொலியில் செய்தி வாசித்தார். கிரேஸி மோகன் சுந்தரம் கிளேட்டனில் இன்ஜினீயராக இருந்தார்.

காரணம் எளிது. ஏழு நடிகர்களுக்கு ஏழு பிரதி வேண்டும். உங்கள் நாடகத்தின் முதல் புரவலர் ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷின்தான். நன்றியுரையில் மட்டும் அதன் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.

2. கதைக்கு முன் சோஃபாவைப் பாருங்கள்

மேடை நடுவில் ஒரு சோஃபா, இரண்டு பக்கமும் இரண்டு கதவு, பின்னால் ஒரு சாமி படம். செட் வாடகைக்கு வரும்போது இவை கூடவே வரும். ஆகவே உலகத்தில் எது நடந்தாலும் அது ஒரு வீட்டு ஹாலில் நடக்க வேண்டும். கப்பல் கவிழ்கிறதா? அந்தச் செய்தி ஹாலுக்குப் போனில் வரட்டும். 1968-ல் சோ ‘முகமது பின் துக்ளக்’ எழுதி, சுல்தானையே பிரதமர் நாற்காலியில் உட்கார வைத்தாரே என்பீர்கள். அவர் சோ. உங்களுக்குச் சோஃபா.

அதில் உட்காரத் தோதான கதை ஒன்றுதான்: அப்பா இங்கே, பிள்ளை அமெரிக்காவில். நானும் அதைத்தான் எழுதினேன்.

3. தலைப்பில் கவனம் தேவை

1976-ல் மேடையேறிய ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ நாடகத்தின் முதல் சொல், எழுதியவரின் பெயரோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டது. ‘சோ’ என்ற பெயரே ஒரு நாடகப் பாத்திரத்திடமிருந்து வந்ததுதான். எனவே ‘துரோகி’ என்று தலைப்பு வைக்குமுன், பின்னாளில் உங்கள் பேரன் பள்ளியில் என்ன சொல்லி அறிமுகமாவான் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

4. நூறு பக்கம் எழுதுங்கள்

மேடைக்கு வேண்டியது அறுபதுதான். மீதி நாற்பது, வெட்டுகிறவர்களின் மனத்திருப்திக்கு.

முதலில் குழுத் தலைவரிடம் படித்துக் காட்டுவீர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இராத்திரியில் எழுதி முடித்தார் என்று அவர் நினைவுபடுத்துவார். உங்களுக்கு ஆறு மாதம் பிடித்தது என்ற குத்தல் அதில் இருக்கும். பிறகு பத்துப் பக்கத்தை அடிப்பார். அடிபடாமல் தப்புவது அப்பா பாத்திரத்தின் வசனம் மட்டுமே. அந்தப் பாத்திரத்தில் நடிக்கப்போவது அவர்தான்.

அடுத்து காமெடி நடிகர் வருவார். அவர் எதையும் அடிக்க மாட்டார். “நீங்க எழுதினது அப்படியே இருக்கட்டும் சார், நான் மேடையில பாத்துக்கறேன்” என்பார். இதற்கு அடித்திருந்தாலே தேவலை.

கதாநாயகி அந்த மாதம் நான்கு குழுக்களில் நடித்துக்கொண்டிருப்பார். நான்கு நாடகத்திலும் அவர் மருமகள். உங்கள் மருமகள் நல்லவளா கெட்டவளா என்பதை மட்டும் ஞாபகமாகச் சொல்லிவிடுங்கள்.

ஓர் ஆறுதலையும் நீங்கள் இழந்துவிட்டீர்கள். 1954-ஆம் ஆண்டு நாடகச் சட்டம் இருந்தவரை ஸ்கிரிப்டைப் போலீஸிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. கருத்துச் சுதந்திரத்துக்கு அது வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் உங்கள் நாடகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தே தீர வேண்டிய ஒரே வாசகரும் அன்றோடு போய்விட்டார்.

5. ஒத்திகையில் எல்லாரும் நீங்களே

ஒத்திகை, யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில், எல்லாரும் ஆபீஸ் முடிந்து வந்த பிறகு. மொத்தம் ஏழு பேர். ஏழு பேரும் சேர்ந்து வருவது அரங்கேற்றத்தன்றுதான். அதுவரை வராதவர்களின் வசனத்தை நீங்கள் படிக்க வேண்டும். நான் மூன்று வாரம் மருமகளாக இருந்தேன். மாமியார் வேடக்காரர் வராத ஒரு வெள்ளிக்கிழமை, எனக்கும் எனக்கும் பெரிய சண்டை நடந்தது. கொசு மட்டும் கைதட்டியது. சரியாகச் சொன்னால், கொசுவுக்காகத் தட்டினார்கள்.

6. மைக்கை வணங்குங்கள்

மேலேயிருந்து தொங்கும் மைக்குகள்தான் உண்மையான டைரக்டர். யார் எங்கே நிற்பது என்பதை அவைதான் தீர்மானிக்கும். காதலர்கள் ரகசியம் பேசினாலும், அப்பாவுக்கு மாரடைப்பு வந்தாலும், மைக்குக்கு நேர் கீழே வந்த பிறகுதான். “அவன் மூலையில் ஒதுங்கி நின்று முணுமுணுக்கிறான்” என்று எழுதாதீர்கள். அந்த முணுமுணுப்பு மூலைக்கு மட்டும்தான் கேட்கும்.

7. ரசிகர்களைப் புரிந்துகொள்ளுங்கள்

முன்வரிசைக்காரர்கள் முப்பது, நாற்பது வருடமாக நாடகம் பார்க்கிறவர்கள். மூன்றாவது சீனிலேயே முடிவைப் பக்கத்து சீட்டுக்குச் சொல்லிவிடுவார்கள். எட்டரை ஆனதும் ஒவ்வொருவராக எழுந்திருப்பார்கள். கோபப்படாதீர்கள். அவர்கள் உங்களைப் புறக்கணிக்கவில்லை, கடைசி பஸ் போய்விடுமே என்று கவலைப்படுகிறார்கள். விளக்கணைத்து சீன் மாற்றும் நேரத்தில் அரங்கம் முழுக்க மொபைல் வெளிச்சம் பூக்கும். கேன்டீனில் இன்றைக்குக் கீரை வடையா, ரவா தோசையா என்ற விவாதமும் நடக்கும். அது உங்கள் கிளைமாக்ஸைவிடச் சூடான விஷயம் என்பதை ஒப்புக்கொள்ளப் பழகுங்கள்.

நடுவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று திரையை விலக்கிப் பார்க்கவே கூடாது. பார்த்தால், அவர்களில் ஒருவர் கொட்டாவி விடும் நேரமாகத்தான் இருக்கும்.

8. சைடு விங்கில் நில்லுங்கள்

கதாசிரியர் முன்வரிசையில் உட்காரக் கூடாது. பிராம்ப்டருக்குப் பக்கத்தில், திரை மறைவில் அவர் நிற்க வேண்டும். ஏன் என்பதற்கு என் கதையையே சொல்கிறேன்.

கடைசிக் காட்சி. அப்பா பிள்ளையைப் பார்த்து, “மறுபடி எப்பப்பா வருவே?” என்று கேட்கிறார். அதற்குப் பிள்ளை, வேர், கிளை, பறவை, கூடு எல்லாம் வரும்படி ஒன்றரைப் பக்கம் பதில் பேச வேண்டும். ஆறு மாதத்தில் நான் அதிகம் உழைத்த இடம் அதுதான். அப்பா வசனத்தைத் தவிர எல்லா வெட்டுக்கும் தப்பிய ஒரே இடமும் அதுதான்.

பிள்ளை மறந்துவிட்டான்.

விங்கைப் பார்த்தான். பிராம்ப்டர் கையிலிருந்தது ஜெராக்ஸில் பக்கம் விட்டுப்போன பிரதி. அதில் அந்தப் பக்கமே இல்லை. அவர் என்னைப் பார்த்தார். எழுதியவன் நான். என் மூளையில் வேரும் இல்லை, கிளையும் இல்லை.

“எனக்கும் தெரியலையேப்பா” என்று அவரிடம் முனகினேன்.

பிள்ளைக்கு அது காதில் விழுந்தது. நிதானமாக மைக்குக்கு அடியில் போய் நின்றான். அப்பாவைப் பார்த்து, “எனக்கும் தெரியலையேப்பா” என்றான்.

தலைவருக்கு மறு வசனம் இல்லை. அவர் வாழ்க்கையிலேயே முதல் முறையாக மேடையில் ஒன்றும் பேசாமல் நின்றார். கீழே செருமல் இல்லை, மொபைல் வெளிச்சம் இல்லை. லைட் ஆசாமி நாடகம் முடிந்துவிட்டது என்று நினைத்து விளக்கை மெல்ல இறக்கினார். முடிந்துதான் விட்டது.

9. விருது வராவிட்டாலும் காபி குடிக்கப் போங்கள்

பொன்னாடை தலைவருக்கு, பாராட்டு பிள்ளையாக நடித்தவனுக்கு. உங்கள் பெயரைச் சொல்லும்போது மைக் கரகரக்கும். எதையும் பொருட்படுத்தாமல் நேரே கேன்டீனுக்குப் போங்கள். நான் போனபோது பக்கத்து மேஜையில் ஒரு பெரியவர் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எனக்கும் தெரியலையேப்பான்னான் பாத்தியா? போன வாரம் நம்ம பையனும் போன்ல இதேதான் சொன்னான்.”

அந்த அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “காபி ஆறிடப் போறது, குடிங்கோ” என்றார்.

இந்த மாதிரி சமயத்தில் எழுந்துபோய், “அந்த வசனம் நான் எழுதியது” என்று சொல்லிக்கொள்ளத் தோன்றும். சொல்லாதீர்கள், நீங்கள் எழுதவில்லை. வீட்டுக்குப் போய் ஸ்கிரிப்டை எடுத்து, வேர் முதல் கூடு வரை ஒன்றரைப் பக்கத்தையும் உங்கள் கையாலேயே அடியுங்கள். அந்த இடத்தில் இரண்டே சொல் எழுதுங்கள்.

அடுத்த கோடைக்கு இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது.