எடை மேடையில ஏறி நின்ன சகலை

வாடா பேராண்டி, வா. திண்ணையில குந்து. அந்தப் போனை மொதல்ல கவுத்து வை. சூடு ஆறட்டும். போனுக்கும் சரி, உனக்கும் சரி.

ராவெல்லாம் தூங்கலியாமே? உங்க ஆயா சொன்னா. எவனோ ஒருத்தன் சாமியைப் பத்தி எழுதிட்டான், நீ பதில் எழுதினே, அவன் திருப்பி எழுதினான், கோழி கூவுற வரைக்கும் ரெண்டு பேரும் வுடலியாம். சாமி நல்லாத் தூங்கியிருக்கும். நீதான் கண்ணு செவந்து கெடக்குறே.

என்னாடா சங்கதின்னு கேட்டா, வள்ளலாரு. அவரு சைவரா, சைவத்த வுட்டு வெளிய வந்தவரா, சனாதனக்காரரா, சனாதனத்தைச் சாடினவரா. 2023 ஜூன்ல வடலூருக்கு வந்த ஆளுநர் ரவி அவரைச் சனாதன தர்மத்தோட சேத்துப் பேசினாலும் பேசினாரு, உங்க போனுல இன்னும் பொகை அடங்கல. நீ எந்தக் கட்சின்னு நான் இங்க சொல்ல மாட்டேன். சொன்னா எதிர்க்கட்சிக்காரன் என் திண்ணைக்கு ஆளுங்களைக் கூட்டியாந்துடுவான்.

அதைத்தான்டா பேசணும். ஆளு கூட்டியார்றதை.

நேத்து பொழுதோட மல்லாட்டை உரிச்சிக்கினு இருந்தேன். மடியில போனு டிங்கு டிங்குன்னு அடிக்குது. எடுத்துப் பாத்தா ஏதோ குழுவாம், அதுல என்னையும் சேத்து வச்சிருக்கே. கேட்டியா? கேக்கல. "நம்ம பக்கம் ஆளு கம்மி, எல்லாரும் ஒடனே வந்து கட்டைவெரல் போடுங்க"ன்னு ஒரு சேதி வேற. என்னா பேச்சு, எவன் என்னா சொன்னான், படிச்சிப் பாருங்கன்னு ஒரு வார்த்தை உண்டா? வெரலு மட்டும் போதுமாம். அப்பிடி வெரலு வச்சி வச்சித்தான்டா எங்க அப்பன் காலத்துல பாதி கொல்லி கைமாறிப் போச்சி. படிக்காத பத்திரத்துல வெரலு வைக்காதன்னு சாவும்போது சொல்லிட்டுப் போனாரு மனுசன். நான் வைப்பனா?

எனக்கு ஒரு சகலை இருந்தான். பேரு வேணாம், அவன் புள்ளைங்க இருக்குதுங்க. மாட்டு வண்டியில ஆலைக்குக் கரும்பு ஓட்டின காலம். கேட்டுக்கு வெளிய வண்டி வரிசை கட்டி நிக்கும், ராவு பூரா அங்கதான் படுக்கை. நம்ம வண்டி எடை மேடைக்குப் போற நேரம் பாத்து சகலை, நான், இன்னும் ரெண்டு பேரு, ஏதோ மாட்டைப் புடிக்கிறாப்புல மேடை மேல ஏறி நின்னுட்டோம். நாலு ஆளு எடை சேந்தா ரெண்டு குவிண்டாலாச்சும் கூடுமில்ல? எடை போடுற கிளார்க்கு ஏற எறங்கப் பாத்தாரு. ஒண்ணும் பேசல. எழுதிக்கினாரு. சகலைக்குச் சிரிப்புத் தாங்கல. கரும்பைக் கொட்டிட்டுக் காலி வண்டி எடைக்குத் திரும்பி வந்தோம். அப்பத்தான் அந்தாளு மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டு நெதானமாக் கேட்டாரு: "அந்த நாலு பேரும் எங்கய்யா? அவங்களும் ஏறணும். ஏறினாத்தான் சீட்டு." வரிசையில நின்ன அத்தினி வண்டிக்காரனும் சிரிச்சான். திரும்ப ஏறி நின்னோம். வண்டி காலி, மேல நாலு மானங்கெட்டவனுங்க.

உன் குழுவுல கட்டைவெரல் போட்ட முன்னூறு பேரும் அந்த நாலு பேருதான்டா. கரும்பு எவ்ளோவோ அவ்ளோதான்.

இந்தச் சண்டையை நீதான் மொதல்ல கண்டுபுடிச்சேன்னு நெனச்சிக்காத. எனக்குத் தாத்தன், அவனுக்குத் தாத்தன் காலத்துது. 1867ல ராமலிங்க சாமி, அதான்டா உன் வள்ளலாரு, அவரு பாட்டுங்களைத் தொழுவூர் வேலாயுத முதலியாரு அச்சுப் போட்டாரு. திருவருட்பான்னு பேரு வச்சி, திருமுறைன்னு பிரிச்சாரு. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்கு அது பொறுக்கல. நாயன்மாரு பாடினதுதான் அருட்பா, திருமுறை பன்னெண்டோட முடிஞ்சி போச்சி, இதென்னா புதுசான்னாரு. இது அருட்பா இல்ல, மருட்பான்னு கெளம்பிச்சி ஒரு கூட்டம். இல்ல, அருட்பாதான்னு எதிர்க் கூட்டம். மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு, கண்டனம், கண்டனத்துக்குக் கண்டனம். அதையெல்லாம் பிற்பாடு ஒருத்தரு தேடிப் புடிச்சித் தொகுத்தாரு, தலைகாணி மொத்தம் இருக்குது. உங்களுது ஒரே வரி, ஒரு கெட்ட வார்த்தை. அவங்க கெட்ட வார்த்தையையும் எலக்கணத்தோட எழுதினாங்க, அது ஒண்ணுதான் வித்தியாசம்.

1869ல விசயம் கோர்ட்டுக்கே போயிடுச்சி. மஞ்சக்குப்பம் கோர்ட்டு. நம்ம தென்னாற்காடு ஜில்லாவுக்குத் தலைக் கச்சேரி இருந்த ஊரு. தன்னைச் சபையில இழிவாப் பேசினாங்கன்னு நாவலரு போட்ட வழக்கு. தீர்ப்பு என்னான்னு கேட்டா ஒவ்வொரு கட்சிக்காரனும் ஒரு கதை சொல்லுவான். வள்ளலாரு உள்ள வந்ததும் நாவலரே எழுந்து நின்னாருன்னு கூட ஒரு கதை ஓடுது. நான் பாக்கல. சொன்னவனும் பாத்திருக்க மாட்டான்.

நாவலருன்னா சொம்மா இல்ல, கேட்டுக்க. யாழ்ப்பாணத்துல பெர்சிவல் பாதிரியாரு பைபிளைத் தமிழ்ல கொண்டாரணும்னு நெனச்சப்ப யாரைக் கூட வச்சிக்கினாரு? விபூதிப் பட்டை போட்ட இந்த நாவலரைத்தான். எழுதி முடிச்சி மெட்ராசுக்கு எடுத்துக்கினு போனாங்க. யாழ்ப்பாணத்துத் தமிழு சரிப்படுமான்னு அங்க ஒரு சந்தேகம். மழவை மகாலிங்கையருன்னு ஒரு புலவருகிட்ட காட்டினாங்க. தமிழ் நல்லாத்தான் இருக்குதுன்னுட்டாரு. பாதிரி கேட்டாரு, சைவரு எழுதினாரு, ஐயரு பாத்துச் சொன்னாரு. ஒருத்தன் மதமும் கரைஞ்சி போவல. அந்த நாவலரே 1854ல பாதிரிங்களை மறுத்து சைவ தூஷண பரிகாரம்னு புத்தகம் போட்டாரு. எதிராளி வேதத்த எழுத்து எழுத்தாப் படிச்சி, அதை நல்ல தமிழாக்கியும் குடுத்துட்டு, அப்பறம் மறுத்தாரு. நீ மறுக்குற ஆளு எழுதினதுல கடைசி வரைக்கும் படிச்சது எத்தினி வரி? நெஞ்சத் தொட்டுச் சொல்லு. சரி, தொடாத. சுட்டுடும்.

நாவலரும் போயிட்டாரு, வள்ளலாரும் 1874ல மேட்டுக்குப்பத்துல அறைக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கினாரு. சண்டை மட்டும் போவல. நாவலரு வழியில கதிரைவேற் பிள்ளைன்னு இன்னொரு யாழ்ப்பாணத்துப் புலவரு மெட்ராசுல குந்திக்கினு திரும்பக் கெளப்பினாரு. அருட்பா பக்கம் எதிர்த்து நிக்க யாரு வந்தாங்க தெரியுமா? நீ நெனைக்கிற மாதிரி வடலூரு அன்பருங்க முன்னூறு பேரு இல்ல. நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில பொறந்த ஒரு முஸ்லிம். செய்குத்தம்பிப் பாவலரு. சீறாப்புராணத்துக்கு உரை எழுதினவரு.

சொல்லுடா, அவருக்கு இதுல என்னா லாபம்? வள்ளலாரு செயிச்சா பள்ளிவாசலுக்கு ஒரு செங்கல் சேருமா? ஒண்ணும் இல்ல. பாட்டைப் படிச்சாரு, இது அருட்பாதான்னு மனசுக்குப் பட்டுது. மேடை ஏறி, சொந்தப் பேருல, எதிராளி கேக்கும்படி பேசினாரு. காஞ்சிபுரத்துல அவரை யானை மேல ஏத்தி ஊர்வலம் வுட்டாங்கன்னு சொல்வாங்க. இதே ஆளு 1907ல மெட்ராஸ் விக்டோரியா மண்டபத்துல சதாவதானம் பண்ணினாரு, நூறு விசயத்த ஒரே நேரத்துல கவனிக்கிற வித்தை. நீ ஒரே ஒரு போனைப் பாக்கும்போது சோத்துக்குக் கூப்புட்டா காது கேக்குதா?

வெளி ஆளைக் கூப்புடறது தப்பில்ல கண்ணு. நாங்க கூப்புடாததா? வரப்புத் தகராறுன்னா ஆத்துக்கு அக்கரை மனுசனைத்தான் கூட்டியாருவோம். பங்காளியைக் கூப்புட மாட்டோம், மச்சானைக் கூப்புட மாட்டோம். வேலிக்கு ஓணான் சாட்சின்னு சிரிச்சிப்புடுவாங்க. வர்ற ஆளுகிட்ட "எனக்கு ஞாயம் சொல்லு"ன்னு கேக்க வாயி வராது, "ஞாயம் சொல்லு"ன்னுதான் கேப்போம். எங்க அப்பனே அப்பிடி ஒருத்தரைக் கூட்டியாந்தாரு. அவரு கயிறு புடிச்சி அளந்து, "நீதான்யா ஒரு முழம் தள்ளி உழுதிருக்கே"ன்னு சொல்லிட்டாரு. எங்க அப்பன் மூஞ்சி சுண்டிப் போச்சி. ஆனாலும் அந்தாளுக்குக் கோழி அடிச்சிச் சோறு போட்டுத்தான் அனுப்பினாரு. நீ கூப்புட்ட முன்னூறு பேருல, "தம்பி, நீ சொன்னது தப்பு"ன்னு சொல்லிப்புடுவானோன்னு உனக்கு பயம் இருந்த ஆளு ஒருத்தனாச்சும் உண்டா?

இன்னொண்ணு. கதிரைவேற் பிள்ளை மேல வழக்கு வந்தப்ப, அவருகிட்டப் படிச்ச ஒரு பையன் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போனான். 1904 வாக்குல. பரீட்சை போச்சி, பள்ளிக்கூடமும் அதோட நின்னுடுச்சி. அந்தப் பையன் திரு.வி.க. அவரு எப்பிடியோ தலையெடுத்து, தமிழ் எழுத்துக்கே பெரிய ஆளா ஆயிட்டாரு. உனக்கு ரெண்டு அரியர் பாக்கி. உன்னால ஆவுமா? தெரியல. உங்க ஆயாதான் ஆவும்னு நம்புறா.

என்னா மொறைக்கிறே? வெரலு வைக்க மாட்டேன்னு சொல்லலியே. கடலூருப் பக்கம் போனா வடலூருல எறங்கு. வள்ளலாரு தருமச்சாலை அடுப்பு 1867ல பத்த வச்சது, இன்னும் எரியுது. ரெண்டு கட்சிக்கும் சோறு உண்டு, சாப்புடு. வரும்போது ஆறு திருமுறையும் வாங்கியா. எழுத்து பெருசா இருக்குதான்னு பாத்து வாங்கு. நாவலரு எழுதினதும் கெடைச்சா அதையும் எடுத்தா. படிச்சிட்டு சொல்றேன். கரும்பு வெட்டு முடிஞ்சி, மறுதாம்பு கெளம்பறதுக்குள்ள எப்பிடியும் பாதி படிச்சிடுவேன்.

அது வரைக்கும், தோ, இந்தா போனு. அந்தக் குழுவுலேருந்து என் பேரை எடு. எங்க அமுக்கணும்னு எனக்குத் தெரியல. நேத்து வெளிய போறேன்னு எதையோ அமுக்கி, உன் எதிர்க்கட்சிக்காரனுக்கு ரெண்டு பூ போயிடுச்சி.