ஓ.டி.பி. சித்தப்பா

எந்தக் குடும்பத்திலும் இப்படி ஒரு சித்தப்பா இருப்பார். தீபாவளிக்கு ஊருக்குப் போக வேண்டுமா, மதுரையில் கல்யாணமா, காசியில் அஸ்தி கரைக்க வேண்டுமா, "சித்தப்பாகிட்ட சொல்லிடு" என்பதோடு மற்றவர்கள் கடமை முடிந்தது. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முன்பதிவு காலை எட்டு மணிக்குத் திறக்கும் என்றால் ஏழே முக்காலுக்கே குளித்து, விபூதி பூசி, கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவார். 120 நாள் முன்பதிவை 2024 நவம்பரில் 60 நாளாகக் குறைத்தார்களே, அந்த வாரம் முழுக்க மனுஷர் வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி இருந்தார். எஸ்-5, 33, லோயர். வாழ்க்கையில் இதற்கு மேல் ஒருவருக்கு என்ன வேண்டும் என்பது அவர் கட்சி.

இப்பேர்ப்பட்டவர் கையில் ஒருநாள் ஐரோப்பா வந்து விழுந்தது. பெங்களூரிலிருந்து மகன் பேசினான். "அப்பா, மே மாசம் நாம நாலு பேரும் யூரோப் போறோம். பேக்கேஜ் எல்லாம் வேணாம், ரயில்லயே சுத்தலாம்." சித்தப்பா காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான். டிராவல்ஸ்காரனிடம் விசாரிக்கலாம் என்று சித்தி முணுமுணுத்ததற்கு அவர் பார்த்த பார்வை, சமையல்காரர் வீட்டில் ஓட்டல் சாப்பாட்டைப் பற்றிப் பேசியவரைப் பார்க்கிற பார்வை.

முதல் அதிர்ச்சி, ஐரோப்பாவுக்கு ஒரே ஐ.ஆர்.சி.டி.சி. கிடையாது. ஜெர்மனிக்கு ஒரு தளம், பிரான்ஸுக்கு ஒன்று, இத்தாலியில் அரசு ரயிலுக்கு ஒன்று, 2012-ல் ஓட ஆரம்பித்த தனியார் ரயிலுக்கு இன்னொன்று. ஸ்பெயினில் பழைய ரயில்வேயோடு போட்டிக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒவ்வொன்றிலும் தனிக் கணக்கு, தனி பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு எழுதுவதற்கென்றே சித்தப்பா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். அட்டையில் பிள்ளையார் சுழி போட்டு "ஐரோப்பா" என்று எழுதினார்.

அடுத்தது பெயர்கள். ஃபிளாரன்ஸ் என்று அடித்தால் உள்ளூர்த் தளம் விழிக்கலாம். அங்கே அது ஃபிரென்ஸே. வெனிஸ் என்பது வெனேசியா, அதிலும் சாந்தா லூச்சியா என்றால் கால்வாய்க் கரையிலேயே இறங்கலாம், மெஸ்த்ரே என்றால் கடலுக்கு இந்தப் பக்கமே இறக்கிவிடுவார்கள். இத்தாலிக்காரர்கள் மியூனிக்கை மொனாக்கோ என்பார்கள். எந்த மொனாக்கோ என்று புரிவதற்காகப் பின்னால் "பவேரியாவின்" என்று ஒரு வால் ஒட்டுவார்கள். வாலைப் பார்க்காதவர்கள் பாடு திண்டாட்டம். பாரீஸில் இருக்கிற கார் தெ லியோன், லியோன் நகரத்து நிலையம் அல்ல; பாரீஸிலிருந்து லியோன் பக்கம் போகிற வண்டிகள் கிளம்புகிற நிலையம். ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் இரண்டு. விமான நிலையம் உள்ளது மைன் ஆற்றங்கரையில். ஓடர் ஆற்றங்கரை ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு டிக்கெட் போட்டால் போலந்து எல்லையில் நின்று தலையைச் சொறியலாம்.

இதிலெல்லாம் சித்தப்பா ஏமாறவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். எழும்பூரா சென்ட்ரலா தாம்பரமா என்று ஆயுசு பூராவும் கேட்டுக் கேட்டுப் பழகிய மனுஷர். மாட்ரிட்டின் அதோச்சா நிலையத்துக்கு 2022-ல் அல்முதேனா கிராந்தஸ் என்ற எழுத்தாளரின் பெயரையும் சேர்த்துவிட்டார்கள் என்று மகன் சொன்னபோது, "நம்ம சென்ட்ரல் மாதிரி. போர்டுல எம்.ஜி.ஆர். பேரு, ஆட்டோக்காரன் வாயில சென்ட்ரல்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அவர் தடுக்கி விழுந்தது வேறு இடத்தில். ஜெர்மனியில் டிக்கெட் என்பது பயண உரிமை மட்டும். இருக்கை வேண்டுமென்றால் தனியாக ஐந்து யூரோ சொச்சம். இல்லாவிட்டால் ஏறி, காலியாக இருக்கிற இடத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டியது. வெயிட்டிங் லிஸ்ட் இல்லை, ஆர்.ஏ.சி. இல்லை, சார்ட் இல்லை. சித்தப்பா டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கன்ஃபர்ம் ஆயிடுச்சாடா?"

"டிக்கெட்தான் வந்துடுச்சேப்பா."

"அது தெரியுது. கன்ஃபர்மா?"

நம் ஊரில் தட்டுப்பாடு இடத்துக்கு. அங்கே தட்டுப்பாடு விலைக்கு. மலிவு டிக்கெட்டுகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் உண்டு. அவை தீரத்தீர விலைப் படியில் ஏற வேண்டியதுதான். மாதங்களுக்கு முன்னால் முப்பது யூரோவுக்குக் கிடைத்த அதே பயணம், கிளம்புவதற்கு முந்தின நாள் நூறைத் தாண்டுவது சகஜம். இது புரிந்த அன்றைக்குத்தான் சித்தப்பாவின் முகம் தெளிந்தது. மறுபடியும் முந்திக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று கிடைத்துவிட்டதல்லவா!

இந்த ரகத்து ஆட்களுக்கு ஒரு குலதெய்வம் உண்டு. மார்க் ஸ்மித் என்ற ஆங்கிலேயர். ரயில் துறையில் வேலை பார்த்தவர். 2001-ல் பொழுதுபோக்காக ஒரு இணையதளம் தொடங்கி, எந்த ஊருக்கு எந்த ரயில், எந்தத் தளத்தில் எந்தப் பொத்தான் என்று எழுதிக்கொண்டே இருக்கிறார். யூரோஸ்டார் முதல் வகுப்பில் தனக்குப் பிடித்த இருக்கையின் எண்ணையே தளத்துக்கு வைத்தார்: 61. "சீட் நம்பரை வச்சே உலகப் புகழ் வாங்கின ஆளு" என்று சித்தப்பா சொல்லும்போது, அந்தக் குரலில் எஸ்-5, 33-ஐப் பற்றிய லேசான ஏக்கம் இருக்கும்.

சரி, பெட்டிகளை நிரப்பலாம் என்று உட்கார்ந்தால், குடும்பப் பெயர் என்று ஒரு பெட்டி. தமிழனுக்குக் குடும்பம் உண்டு, குடும்பப் பெயர் ஏது? சித்தப்பா "கே" என்று இனிஷியலைப் போட்டார். குறைந்தது இரண்டு எழுத்தாவது வேண்டும் என்று சிவப்பில் வந்தது. பாஸ்போர்ட்டைப் பார்த்தால் அதில் அப்பா பெயர் இருக்கிறது, அதைப் போட்டார். ராமேஸ்வரம் தாண்டி ரயிலேறாத அந்த மனிதர் பெயரில் இப்போது கொலோன் நகரத்துக்கு டிக்கெட். சித்திக்கு இன்னும் விசேஷம். பாஸ்போர்ட்டில் புருஷன் பெயர்தான் பின்னால். நாற்பது வருஷமாகப் புருஷன் பெயரை வாயால் சொல்லாத சித்தியை, ஜெர்மனியில் யார் கூப்பிட்டாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடப்போகிறார்கள்.

முகவரியும் லேசில் விடவில்லை. "பழைய எண் 14 / புதிய எண் 31, 3-வது குறுக்குத் தெரு, பிள்ளையார் கோயில் பின்புறம்." சாய்வுக்கோடு செல்லாது என்றது தளம். அதை எடுத்தால் முகவரி நீளம் என்றது. பிள்ளையாரை விட்டுவிடுவதா என்று சித்தப்பா சற்றுத் தயங்கி, பழைய எண்ணை விட்டார். பின்கோடு ஆறு இலக்கம். ஜெர்மனியில் ஐந்து, சுவிட்சர்லாந்தில் நான்கு. கடைசி இலக்கத்தை வாங்கிக்கொள்ளாத பெட்டியைப் பார்த்து அவர் சொன்ன வார்த்தையை இங்கே அச்சில் போட முடியாது.

வெளிநாட்டு அட்டைக்காரர்களுக்கு இந்த அலைச்சல் புதிதல்ல. ஒரு காலத்தில் பிரெஞ்சு ரயில் டிக்கெட் தளத்தில் அமெரிக்காக்காரர்கள் தங்கள் நாட்டைச் சொன்னால், விலை கூடின இன்னொரு விற்பனைத் தளத்துக்குத் தள்ளிவிடும். அதற்கு ஒரு உபாயம் பயணிகளிடையே கைமாறியது: நாடு என்ற இடத்தில் அண்டார்டிகா என்று போட்டுவிட வேண்டியது. பெங்குவினுக்கு விற்கிற விலையில் டிக்கெட் கிடைத்துவிடும்.

எல்லாப் பெட்டியும் நிரம்பியது ஒரு பிப்ரவரி இரவு, 11.40 மணி. இத்தாலியில் அப்போது 7.10. ரோமிலிருந்து ஃபிளாரன்ஸுக்கு நான்கு பேர், ஜன்னலோரம் இரண்டு. திரையின் மூலையில் பத்து நிமிடக் கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது. சித்தப்பா முதலில் தேசபக்தியோடு ரூபே அட்டையைத்தான் எடுத்தார். அந்தப் பக்கத்தில் விசாவும் மாஸ்டரும் மட்டும்தான் பல்லைக் காட்டின. விசா அட்டையை எடுத்துப் பதினாறு எண்களையும் அடித்தார். மறுக்கப்பட்டது.

வங்கிக்குப் போன் போட்டால் ஒரு பெண் பொறுமையாக விளக்கினாள். 2020-லிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புது அட்டை உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்து வரும்; வெளிநாட்டுக் கதவை நாமே திறந்துகொள்ள வேண்டும். "ஆப்ல போய் இன்டர்நேஷனல்னு இருக்கும் சார், அதை ஆன் பண்ணுங்க." ஆக, சித்தப்பாவுக்கு முன்னால் அவருடைய அட்டைக்கு விசா தேவைப்பட்டது, அது விசா அட்டையாகவே இருந்தும்கூட.

மறுபடி ரயில் தேடி, மறுபடி நான்கு பெயர், மறுபடி பத்து நிமிடம். இப்போது ஓ.டி.பி. கேட்டது. இந்தியாவில் 2009 ஆகஸ்ட் முதல் இணைய வழி அட்டைப் பணத்துக்கு இரண்டாவது பூட்டு உண்டு. ஐரோப்பாவிலும் 2019 செப்டம்பரிலிருந்து அதே மாதிரி ஒரு சட்டம். இரண்டு ஊர் வாட்ச்மேன்களும் ஒருவரையொருவர் நம்பாமல் டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்கிற இடம் அது. வங்கியில் பதிவு செய்திருந்த பழைய எண்ணின் சிம் சித்தியின் போனில் இருந்தது. போன் சமையலறையில், மிக்ஸிக்குப் பக்கத்தில், சார்ஜில்.

"என்னங்க, ஏதோ நம்பர் வந்திருக்கு."

"படி, படி, சீக்கிரம் படி!"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கே."

"என்கிட்ட சொல்லலாம்டி!"

"நாலு, ஏழு, ஒண்ணு... இது மூணா எட்டா? கண்ணாடி எங்கேங்க?"

கண்ணாடி சித்தியின் தலையிலேயே இருந்தது. மூன்று என்று அடித்தார், எட்டாக இருந்தது. இரண்டாவது ஓ.டி.பி. வந்து சேர்ந்தபோது கடிகாரத்தில் பதினொரு வினாடி. வங்கி சரி என்றது. திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி, கடைசியில் இத்தாலிய மொழியில் ஒரு வாக்கியமாக நின்றது. அதற்குள் பணம் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. பணம் போய், டிக்கெட் வராத இந்த நிலை சித்தப்பாவுக்கு ஐ.ஆர்.சி.டி.சி.யில் பழகினதுதான். ஆனால் அங்கே போனது ரூபாய், இங்கே யூரோ. அன்றிரவு யாரும் தூங்கவில்லை. மூன்றாம் நாள் பணம் திரும்பியது.

டிரெயின்லைன், ஓமியோ மாதிரி இடைத்தரகுத் தளங்களில் இந்திய அட்டை பெரும்பாலும் சிரமமில்லாமல் போகும், கட்டணம் கொஞ்சம் சேரும், அவ்வளவுதான் என்று மருமகள் சொல்லிப் பார்த்தாள். தரகுக்குப் பணம் தர மாட்டேன் என்று நின்றார் சித்தப்பா. நல்ல கொள்கைதான். ஆனால் வங்கி எடுக்கும் அந்நியச் செலாவணிக் கூலி அவர் கணக்கில் வரவில்லை. மூன்றரை சதவீதம், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. நூறு யூரோவுக்கு நாலு யூரோ பதின்மூன்று சென்ட். ஸ்டேட்மென்ட் வந்த அன்று நோட்டில் அதையும் எழுதி, அடியில் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டார். ரூபாயிலேயே கட்டுகிறீர்களா என்று ஒரு தளம் கனிவாகக் கேட்டபோது மட்டும் சிக்கவில்லை. அந்தக் கனிவுக்கு விலை இன்னும் கூடுதல் என்று படித்து வைத்திருந்தார்.

ஜெர்மனியில் மலிவிலும் மலிவான டிக்கெட்டைப் போட்டார். அது ரத்து செய்தால் காசு திரும்பாத ரகம். ஷெங்கன் விசாவுக்கு விரல் ரேகை கொடுக்கிற தேதி அதற்குப் பிறகுதான் வருகிறது என்பது அப்புறம் ஞாபகம் வந்தது. ஆறு வாரம் வீட்டில் அந்த டிக்கெட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சித்தி மட்டும் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள். முகவரியில் அவரை விடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று, விசா வந்தது.

பயணத்தில் சித்தப்பாவின் தோள்பையில் ஒரு ஃபைல் இருந்தது. ஒவ்வொரு டிக்கெட்டும் மூன்று பிரதி, பிளாஸ்டிக் உறையில், தேதி வாரியாக. பரிசோதகர்கள் அதைத் தொடவே இல்லை. மருமகள் போனை நீட்டினாள், அதிலிருந்த புள்ளிக் கோலத்தை ஒரு கருவியால் ஒற்றி எடுத்துவிட்டு நகர்ந்தார்கள். ஜெர்மனியில் வண்டி 38 நிமிடம் தாமதம். 2024-ல் அங்கே தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன என்று மகன் சலித்துக்கொண்டான். சித்தப்பாவுக்கு அந்த ஊர்மேல் முதல் தடவையாக ஒரு பிரியம் வந்தது.

கடைசியாக சுவிட்சர்லாந்து. இன்டர்லாகன் ஓஸ்ட் நிலையத்திலிருந்து லௌட்டர்புருன்னன் போக வேண்டும், இருபது நிமிடப் பயணம். இதற்கு மட்டும் ஏனோ முன்பதிவு செய்யவில்லை. அங்கே சாதாரணக் கட்டணம் அரை வருஷத்துக்கு முன் வாங்கினாலும் வண்டி கிளம்பும்போது வாங்கினாலும் ஒன்றுதான் என்று படித்ததிலிருந்தே அந்தப் பயணத்தின்மேல் அவருக்கு மரியாதை போய்விட்டது. மகனும் மருமகளும் காபி வாங்கப் போயிருந்தார்கள். சித்தப்பா நடைமேடையில் நோட்டைப் பிரித்து சுவிஸ் பாஸ்வேர்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

சித்தி டிக்கெட் இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றாள். முன்னால் நின்ற பெண் என்ன செய்தாள் என்று பார்த்தாள். பிறகு தானும் திரையில் ஊரைத் தொட்டாள், நான்கு என்று தொட்டாள், கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து இயந்திரத்தின் நெஞ்சில் ஒரு தட்டு தட்டினாள். டிக்கெட் கீழே விழுந்தது.

சித்தப்பா ஓடி வந்தார். "ஓ.டி.பி. கேக்கலையா?"

"கேக்கலையே."

"பேரு?"

"கேக்கலை."

"வீட்டு அட்ரஸ்?"

சித்தி பதில் சொல்லாமல் வண்டியைப் பார்த்து நடந்தாள். சித்தப்பா சித்தியின் போனைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றார். ஒரு நிமிடம் கழித்து, பணம் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அதற்கு மூன்றரை சதவீதம் எவ்வளவு என்று டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டார். பிறகு முன்பக்கத்தைத் திருப்பி, சீட் நம்பர் எங்கே என்று தேடினார். சித்தி அதற்குள் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர் இருக்கையில் துண்டு போட்டு வைத்திருந்தாள்.