திறப்பில் தொங்கும் திரிசூலம்

திருகோணமலையில் கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதற் குற்றவாளி பற்றறி, இரண்டாவது உப்புக்காற்று. டொக்யார்ட் வீதியில் பொனற்றைத் திறந்தால் போதும், நாலு பேராசிரியர்கள் கூடிவிடுவார்கள். கோட்டைப் பக்கத்து மான்கள் மட்டுமே கருத்துச் சொல்லாமல் கடந்துபோகும். “புதுப் பற்றறி போடுங்கோ அண்ணை” என்பது தீர்ப்பு.

திறப்புச் சுவிச்சை ஒருவரும் சந்தேகிப்பதில்லை. ஹெட்லைற்றைப் போட்டுக்கொண்டு திறப்பைத் திருப்பினால் பாதி வழக்கு முடிந்துவிடும். வெளிச்சம் மங்கிச் செத்தால் பற்றறியையோ அதன் முனைகளையோ பாருங்கள். வெளிச்சம் அசையாமல் நின்று, ‘டிக்’ சத்தமும் வராவிட்டால் சுவிச்சை விசாரிக்கலாம். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ரெஸ்ட் லாம்பை சுவிச்சின் பின்பக்கம் வையுங்கள். பற்றறியிலிருந்து வரும் வயரில் எரிந்து, திறப்பை முழுக்கத் திருப்பியும் ஸ்டாட்டருக்குப் போகும் வயரில் எரியாவிட்டால், உள்ளே தேய்ந்து கருகிய தகடுதான் கள்ளன். பல கார்களில் அந்த மின்பகுதி தனியாகக் கழரும். பூட்டை மாற்றத் தேவையில்லை. பற்றறியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றினால் சரி.

தேய்த்தது யார்? வீட்டுத் திறப்பு, கடைத் திறப்பு, போத்தல் ஓப்பனர், கோணேஸ்வரத்தடியில் வாங்கிய பித்தளைத் திரிசூலம் என்று திறப்பில் ஒரு கோர்வையே தொங்குகிறது. 2014இல் ஜெனரல் மோட்டர்ஸ் சுவிச்சு என்ற இந்தச் சில்லறைப் பாகத்துக்காகச் சுமார் 26 இலட்சம் கார்களைத் திருப்பி அழைத்தது. பலவீனமான சுவிச்சு கோர்வையின் பாரத்தால் தானாகத் திரும்பி, ஓட்டத்திலேயே எஞ்சின் நின்றது. திருத்தும்வரை வெறும் திறப்போடு ஓட்டுங்கள் என்றார்கள்.

2020 வாகன இறக்குமதித் தடைக்குப் பிறகு இங்கே பழைய கார்கள் காணி விலைக்கு ஏறின. அந்த விலை கொடுத்தவர்கள் சுவிச்சுக்கு மட்டும் பேரம் பேசுகிறார்கள். திரிசூலத்தைக் கழற்றச் சொன்னாலோ, கார் இவ்வளவு காலம் ஓடியதே அதால்தானாம்.