யார் கால் பட்டால் பவளம் நோகும்?

மன்னார் வளைகுடாவுக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம் என்றிருக்கிறீர்களா? தாராளமாகப் போங்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர் கடல். 1986இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். பாம்பனுக்குப் பக்கத்தில் குந்துகாலில் சீட்டு வாங்கிப் படகேறினால் குருசடைத் தீவு. வெள்ளை மணல், அடி தெரியும் தண்ணீர், செல்ஃபிக்குத் தோதான வெயில். கிளிஞ்சல் பொறுக்காதீர்கள், குப்பை போடாதீர்கள், பவளப்பாறையை மிதிக்காதீர்கள் என்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். பவளம் மென்மையான உயிர். கால் பட்டால் செத்துப்போகும்.

கால் பட்டால்தான். கடப்பாரை பட்டால் ஒன்றும் ஆகாது.

21 தீவு என்று சொல்லிவிட்டேனே தவிர, போய் எண்ணிப் பார்க்காதீர்கள். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டும் ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன. கேட்டால் கடல் மட்டம் உயர்கிறது, உலகம் சூடாகிறது என்பார்கள். வசதியான பதில், உலகத்தை யாரும் கைது செய்ய முடியாது. ஆனால் தீவுகளுக்கு வேலியாக நின்ற பவளத்தைப் பெயர்த்தெடுத்தது உலகம் அல்ல. சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் ஆலைக்குமாகப் பல பத்தாண்டுகள் படகு படகாகப் பவளக்கல் கரையேறியது. பூங்கா அறிவித்த பிறகும் ஏறியது. வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளத்துக்கு இடம் கிடைத்தது 2001இல்தான்.

தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவு, 1986இல் ஏறக்குறைய 16 ஹெக்டேர். முப்பதாண்டில் இரண்டு மூன்று ஹெக்டேராகச் சுருங்கியது. அதைக் காப்பாற்ற இப்போது சிமென்ட்டில் வார்த்த செயற்கைத் திட்டுகளைக் கடலில் இறக்கியிருக்கிறார்கள். முதலில் பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கு. பிறகு சிமென்ட்டைக் குழைத்துப் பவளமாக்கு. இரண்டு வேலைக்கும் யாருக்கோ பில் பாஸாகியிருக்கும்.

இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு, கடலைக் கெடுத்த ஆள் யார் என்று கண்டுபிடித்தாக வேண்டுமே. கண்டுபிடித்தார்கள். தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுக்கும் பெண்.

அவளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நீங்கள் விடுதியில் பூரியா பொங்கலா என்று யோசிக்கும் நேரத்தில் அவள் பாதி வேலையை முடித்திருப்பாள். சேலைக்கு மேலே வீட்டு ஆம்பிளையின் பழைய சட்டை. விரல் விரலாகக் கிழிசல் துணியைச் சுற்றிக் கட்டியிருப்பாள். பாறை அறுக்காமலிருக்கப் பாதத்துக்கு அடியில் ரப்பரையோ தகரத்தையோ வெட்டிக் கட்டியிருப்பாள். கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்து முங்கி, மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பிடுங்கி, மேலே வந்து ஒரு மூச்சு விட்டு மறுபடி முங்குவாள். இதற்கு சாகச விளையாட்டு என்று பெயர், ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாட்களில் மட்டும் இறங்குவது, மாதத்தில் 12 நாளோடு நிறுத்திக்கொள்வது, இரும்புச் சுரண்டியைத் தொடாமல் கையாலேயே எடுப்பது: இவை அந்தப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடுகள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கும் பெண்ணுக்கு அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு 2015இல் விருது கொடுத்தது. கலிபோர்னியாவில் கைதட்டல். பாம்பனில் அதே வேலைக்குப் பூங்காவுக்குள் அத்துமீறல் என்று வனத்துறையின் அபராதம்.

அவள் ‘திருடுவது’ எங்கே போகிறது தெரியுமா? மரிக்கொழுந்து அகராகிறது, கட்டக்கோரை ஆல்ஜினேட்டாகிறது. ஐஸ்கிரீம் சட்டென்று உருகி வழியாமல் நிற்க ஆல்ஜினேட் சேர்ப்பார்கள். கீழக்கரையில் நோன்பு திறக்கும்போது தட்டில் குலுங்குகிற கடல்பாசித் துண்டு அகர்தான். கடற்கரையில் நின்று நீங்கள் சுவைக்கிற கப்பில் அந்தக் குற்றத்தின் ஒரு பங்கு இருக்கலாம். பயப்படாதீர்கள், உங்களை யாரும் மடக்க மாட்டார்கள்.

சட்டம் அப்படி, அதிகாரி என்ன செய்வார் என்பீர்கள். சட்டத்தைப் படித்துவிட்டுத்தான் வயிறெரிகிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 28. எதற்கெல்லாம் பூங்காவுக்குள்ளே போக அனுமதி தரலாம் என்று ஒரு பட்டியல். வனவிலங்கு ஆய்வுக்குத் தரலாம். புகைப்படத்துக்குத் தரலாம்; 2022 திருத்தத்தில் சினிமாப் படப்பிடிப்பும் சேர்ந்துகொண்டது. அறிவியல் ஆராய்ச்சிக்குத் தரலாம். சுற்றுலாவுக்குத் தரலாம். உள்ளே குடியிருப்பவரோடு முறையாக வியாபாரம் பேசவும் போகலாம். ஆளில்லாத் தீவில் நண்டிடம்தான் பேச வேண்டும். பிழைப்புக்கு என்று மட்டும் ஒரு வரி இல்லை. பாசியைப் படமெடுக்கலாம், ஆராயலாம், பாசியைப் பார்த்து ‘வாவ்’ என்று வாய்பிளக்கலாம். பாசியை நம்பி உலை வைக்கக் கூடாது.

ஆராய்ச்சி என்றதும் கப்பாபைகஸ் ஞாபகம் வருகிறது. அது வெளிநாட்டுப் பாசி. ஆராய்ச்சிக்கு என்று மண்டபம் பக்கம் வந்து, பிறகு பெப்சியின் ஒப்பந்தச் சாகுபடியாக மூங்கில் மிதவைகளில் வளர்ந்தது. குருசடையில் உயிருள்ள பவளத்தின்மேல் அது படர்ந்து அமுக்குவதாக 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதை எப்படி அகற்றுகிறார்கள்? ஆள் விட்டு, கையால் பிடுங்கி. வனத்துறை செய்தால் கையால் பாசி பிடுங்குவது பாதுகாப்பு. அவள் செய்தால் அழிப்பு.

இதற்கு நடுவில் 2021 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்குக் கடற்பாசிப் பூங்கா என்றார்கள். ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் அடிக்கல்லும் நாட்டியாயிற்று. பாசி எடுக்கிறவளைத் துரத்த ஒரு பூங்கா, பாசி வளர்க்க வா என்று கூப்பிட இன்னொரு பூங்கா. அவள் எந்த வாசலில் போய் நிற்பாள்?

இதே வளைகுடா வழியாகக் கப்பல் போவதற்காகக் கடலையே தோண்டக் கிளம்பியவர்கள் நாம். 2005இல் பிரதமர் மதுரைக்கு வந்து சேதுசமுத்திரத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பவளம் மென்மையான உயிர் என்பது அன்றைக்கு மேடையில் யாருக்கும் தோன்றவில்லை. 2007இல் ராமர் பாலத்தைத் தொடாதே என்று உச்ச நீதிமன்றம் தடை போட்டது. பவளமும் ஆவுளியா என்கிற கடற்பசுவும் ராமர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பிழைத்தன. பாசி எடுக்கிறவளுக்கு அப்படி ஒளிந்துகொள்ள எந்தச் சாமியும் வாய்க்கவில்லை.

ஆகவே பாசி எடுக்கும் அக்காமாருக்கு ஒரு யோசனை. வாழ்வாதாரம், பாரம்பரிய உரிமை என்று மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்தது போதும். இனி எல்லோரும் சுற்றுலாப் பயணிகளாகிவிடுங்கள். பிரிவு 28 உங்கள் பக்கம். அமாவாசைக்கு அமாவாசை கூட்டமாக வந்து சீட்டு வாங்குங்கள். முங்கும்போது யாராவது கேட்டால் ஸ்நார்க்கெலிங் என்று சொல்லுங்கள். இடுப்பில் என்ன என்றால் ஹேண்ட்பேக். கை நிறையப் பாசியோடு எழும்போது மாட்டிக்கொண்டால், கப்பாபைகஸ் அகற்றும் தன்னார்வலர்கள் என்று சொல்லிப் பாருங்கள். சான்றிதழே தந்தாலும் தருவார்கள். தீவில் இறங்குமுன் விரலில் சுற்றிய துணியை மட்டும் மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள். அதைப் பார்த்தால் வேலைக்கு வந்தவள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.