இரண்டு நாள் வனவாசம்

இராமனுக்குப் பதினான்கு ஆண்டு பிடித்தது. நம்முடைய தன்னார்வலருக்கு இரண்டு நாள் போதும். வெள்ளிக்கிழமை இரவு குளிர்சாதனப் பேருந்து, சனிக்கிழமை காலை பொங்கல் வடை, ஆளுக்கொரு பச்சை டி-ஷர்ட், அதன் முதுகில் செலவை ஏற்ற நிறுவனத்தின் முத்திரை. லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிடச் சொல்லி 2013-இல் நிறுவனச் சட்டம் வந்ததிலிருந்து காட்டின் மேல் பாசம் பொங்கி வழிகிறது. ‘வனம் காப்போம்’ என்ற ஃபிளெக்ஸ் பதாகைக்கு முன்னால் குழுப்படம் எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். பதாகை மட்டும் வனத்திலேயே தங்கிவிடும்.

வேலை என்னவென்றால், உண்ணிச்செடி அகற்றுவது. பூ அழகாக இருக்கிறதென்று வெள்ளைக்காரன் இருநூறு ஆண்டுக்கு முன் தோட்டத்தில் வைத்தது. இன்று முதுமலை, சத்தியமங்கலம், கர்நாடகத்தின் பிளிகிரி ரங்கன் மலை எங்கும் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. அடியில் புல் முளைக்காது. மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் போச்சு. அகற்ற வேண்டியதுதான். ஆனால் அதற்கொரு முறை இருக்கிறது. மேலாக வெட்டினால் தூரிலிருந்து முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கும். மண்ணைத் தோண்டி, தூருக்குக் கீழே ஆணிவேரைத் துண்டித்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். பறவை எச்சத்தில் விழுந்த விதைகள் மழைக்கு முளைக்கும். திரும்ப வந்து அந்த நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். மறு ஆண்டும் வர வேண்டும், அதற்கடுத்த ஆண்டும்.

ஞாயிறு மாலை நாலு மணிக்குப் பேருந்து. வேருக்கெல்லாம் ஏது நேரம்? கிளையைக் கழித்து, குவித்து, குவியலின் மேல் ஏறி நின்று இன்னொரு படம். அடுத்த மழைக்கு உண்ணிச்செடி நன்றிக்கடன் தீர்க்கும். செலவில்லாமல் கவாத்துப் பண்ணிக் கொடுத்தால் எந்தச் செடிதான் தழைக்காது?

அந்தப் படத்தின் ஓரத்தில் பாதி உடம்போடு ஒருவர் நிற்பார். வேட்டைத் தடுப்புக் காவலர். யானை எந்தப் பக்கம் நிற்கிறதென்று மோப்பத்திலேயே சொல்லி, இத்தனை பேரையும் உயிரோடு கூட்டி வந்தவர் அவர்தான். இவர்களில் பலர் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர், சோளகர் வீட்டுப் பிள்ளைகள். காட்டுத்தீயைப் பச்சைத் தழையால் அடித்து அணைப்பதும், புலி நடக்கும் தடத்தில் இரவு ரோந்து போவதும் இவர்கள்தான். பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் மனுவாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு நாள் வந்தவருக்கு வண்ணச் சான்றிதழ். இருபது ஆண்டு நடந்தவர் ‘தற்காலிகம்’.

பிளிகிரி ரங்கன் மலைக் கதை இன்னும் வயிறெரிகிற கதை. அங்கே சோளகர்கள் கோடை முற்றுமுன், சருகு மட்டும் எரிகிற அளவுக்குத் தரையோடு தரையாகச் சிறு தீ வைப்பார்கள். ‘தரகு பெங்கி’ என்பார்கள். சருகு போகும், புல் வரும், உண்ணிச்செடி நாற்றிலேயே கருகும், நெல்லி மரத்தைப் பிடித்த புல்லுருவியும் ஒழியும். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தது, 1974-இல் மலை சரணாலயமானது, தீ குற்றமானது. அப்புறம் உண்ணிச்செடிக்கு யார் தடை? சோளகர் வாய் வலிக்கச் சொன்னதை இப்போது ஆய்வாளர்களும் எழுதுகிறார்கள். ஆக, களையெடுத்தவனைக் குற்றவாளியாக்கி, களையை வளரவிட்டு, அதைப் பிடுங்க நகரத்திலிருந்து ஆள் பிடிக்கிறோம். இதைத் திட்டமிட்டுச் செய்யவே முடியாது. அதற்கெல்லாம் பிறவியிலேயே ஒரு நிர்வாகத் திறமை வேண்டும்.

2006-இன் வன உரிமைச் சட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். காட்டையும் காட்டுயிரையும் காக்கும் அதிகாரம் கிராம சபைக்கு என்று 5-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டமே நியமித்த தன்னார்வலர்கள்! தமிழ்நாட்டில் 2008-இல் ஒரு நீதிமன்ற உத்தரவு பட்டா கொடுப்பதைக் கட்டிப்போட்டது. 2016-இல்தான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. இன்னொரு பக்கம் முதுமலையின் உட்பகுதியில் இருந்த குடும்பங்களிடம் 10 லட்சம் ரூபாயைக் காட்டி வெளியே போகச் சொன்னோம். காட்டில் மனிதன் இருந்தால் புலிக்கு ஆகாதாம். சனி, ஞாயிறு மட்டும் ஆகும்போலிருக்கிறது.

எல்லாத் தன்னார்வலரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. சென்னையில் 1988-லிருந்து மாணவப் பிள்ளைகள் கடற்கரையில் இரவெல்லாம் நடந்து ஆமை முட்டைகளைப் பொரிப்பகம் சேர்க்கிறார்கள். கும்பிட வேண்டிய வேலை. 2025 ஜனவரியில் அந்தப் பிள்ளைகள் நடக்கும் கரையெங்கும் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவை மடிப் படகு வரக்கூடாதென்று சட்டம் இருக்கிறது. அதைக் காவல் பார்ப்பது தன்னார்வலர் வேலையா? அரசாங்கம் கடலில் தன் வேலையைப் பார்க்காததால், பிள்ளைகளுக்குக் கரையில் பிணம் எண்ணும் வேலை கிடைத்தது.

அரசாங்கம் நினைத்தால் முடியாதா என்றால், முடிகிறது. குடிமக்கள் காட்டில் வீசும் சாராயப் புட்டி உடைந்து யானையின் காலைக் கிழித்துக்கொண்டிருந்தது. உயர் நீதிமன்றம் பிடித்த பிடியில் 2022-இல் நீலகிரி டாஸ்மாக்கில் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் தந்தால் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். பெரும்பாலான புட்டிகள் தாமாகவே கடைக்கு நடந்து வந்துவிட்டன. டி-ஷர்ட் இல்லை, பொங்கல் வடை இல்லை. மற்ற மலைகளில் இதே பத்து ரூபாயைத் தண்ணீர் புட்டிக்கும் சிப்ஸ் பொட்டலத்துக்கும் போடச் சொல்லிப் பாருங்கள். சம்பந்தப்பட்ட நிறுவனங்கள் பதறிப்போய் இன்னும் இரண்டு பேருந்து தன்னார்வலர்களை அனுப்பி வைக்கும்.

சரி, தன்னார்வம் அவ்வளவு உயர்ந்ததென்றால் ஒரு வழிப் பாதையாக ஏன் வைத்திருக்க வேண்டும்? உயரதிகாரிகள் ஓராண்டு சம்பளத்தை விட்டுவிட்டுச் சான்றிதழுக்கு வேலை பார்க்கட்டும். மலையிலிருந்து இரண்டு பேருந்து நிறைய சோளகரும் இருளரும் கீழே வரட்டும், வெள்ளி இரவே. சனிக்கிழமை காலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அவர்களுக்குப் பொங்கல் வடை. வேலை, வன உரிமைக் கோப்புகள் கிடக்கும் அறையில் களையெடுப்பு. மேலாக வெட்டுகிற பழக்கம் அவர்களுக்கில்லை. எந்த மேசையில் எந்தக் கையெழுத்து வேர் விட்டிருக்கிறதென்று தூருக்குக் கீழே தோண்டித் துண்டித்து, கவிழ்த்துப் போட்டுவிடுவார்கள். மழைக்குப் பிறகு திரும்பவும் வருவார்கள். டி-ஷர்ட் அளவு மட்டும் முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.