சொட்டியல்: வாடகைக் குடியினர் முறையீட்டு மரபு குறித்து ஓர் ஆய்வு

எந்த ஆய்வும் தொல்காப்பியத்தில் தொடங்காவிட்டால் வாய்மொழித் தேர்வில் பிடித்துக்கொள்வார்கள் என்பதால், நாமும் அங்கிருந்தே தொடங்குவோம். ஹவுஸ் ஓனரிடம் வீட்டின் குறைகளைச் சொல்வது எத்திணை? காத்திருத்தல் உண்மையின் முல்லை என்பர் ஒருசாரார். இரங்கலும் நீரும் ஒருங்கே காணப்படலின் நெய்தல் என்பர் பாத்ரூம் ஒழுகுவோர். இரண்டும் பொருந்தா. மறுமொழி பெறாமல் ஒருவரே பேசிக்கொண்டிருப்பதால் இது கைக்கிளை என்பதே எம் துணிபு.

பெரும்பொழுது, சென்னையைப் பொறுத்தவரை ஐப்பசியும் கார்த்திகையும். சிறுபொழுது, வாடகை கொடுக்கப் போகும் ஐந்தாம் தேதி மாலை. வாடகை ஜிபேயில் போகத் தொடங்கியபின் இச்சிறுபொழுது வழக்கொழிந்தது.

தோற்றுவாய்த் தொடர் எங்கும் ஒன்றே: "சார், ஒரு சின்ன விஷயம்." சீலிங் பெயர்ந்து சாம்பாரில் விழுந்தாலும் சின்ன விஷயமே.

இனி, குறைகளின் வகை. கரையான்: நமக்கு முன்பே குடியேறியது, மூத்த குடி. சுவர் ஓதம்: வெயில் வந்தால் காய்ந்துவிடும் என்பது ஓனர் மரபு. ஒழுகும் குழாய்: இதுவே இவ்வாய்வின் உயிர்நிலை.

2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், யார் எதைப் பழுதுபார்ப்பது என்று இரண்டாம் அட்டவணையில் பாகப்பிரிவினை செய்திருக்கிறது. வெள்ளையடிப்பதும் பைப் மாற்றுவதும் உரிமையாளர் பங்கு. குழாய், அதன் வாஷர், சுவிட்ச், பூட்டு இவையெல்லாம் குடியிருப்பவர் பங்கு. சரி, சொட்டு யார் பங்கு? பைப்பில் பிறந்து, வாஷரில் வளர்ந்து, பக்கெட்டில் விழும் அந்தச் சொட்டைப் பற்றி அட்டவணை வாய் திறக்கவில்லை.

இங்கே உரையாசிரியர்கள் மாறுபடுவர். பைப்வழி உரைகாரர், பிறப்பால் அது ஓனருடையது என்பார். வாஷர்வழி உரைகாரர், விழுமிடத்தால் குடியிருப்பவருடையது என்பார். மூன்றாமவரான பிளம்பர் இரண்டையும் தழுவிச் செல்வார். ஓனரிடம், "வாஷர்தான் சார், அவங்கதான் மாத்திக்கணும்." நம்மிடம், "உள்ள பைப்பே போச்சும்மா, ஓனர்தான் பாக்கணும்." இருவரிடமும் வந்துபோன கூலி பெறுவதால் இவ்வுரையே சிறந்தது.

மாடிப்படிச் சுவடியோ (பால் கணக்கு நோட்டு, பின்னட்டை, மேலிருந்து மூன்றாம் கறைக்கு வலப்புறம், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்) சொட்டின் கதியை நிமிடக் கணக்கில் தருவதாகச் சொல்வர். அந்தக் கறை காபியா ஓதமா என்பதில் அறிஞர் இருவருக்கிடையே நெடும்பூசல் உண்டு. பூசலிட்ட இருவருமே பேராசிரியர்களாகிவிட்டனர். நோட்டை இருவருமே பார்த்ததில்லை.

அடுத்து ஓனர் தரும் மேற்கோள்: "முப்பது வருஷம் நாங்க இதே வீட்லதான் இருந்தோம், ஒண்ணும் ஆனதில்ல." முப்பது வருடம் ஆனதால்தான் ஒழுகுகிறது என்னும் மறுப்பு தருக்கத்தில் வலியது. எனினும் வாய்விட்டுச் சொல்லத் தக்கதன்று, அட்வான்ஸ் அவரிடம் இருப்பதால். ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது அதே சட்டம். எழுதிக்கொள்கிறார்கள். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கும் பழக்கம் சட்டத்தை விட மூத்தது.

ஓனர் தம் பங்கு வேலையைச் செய்ய மறுத்தால், நாமே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி உண்டு. அவ்வாறு கழித்துவிட்டு அதே வீட்டில் நிம்மதியாகக் குடியிருப்பவர் எவரையும் இவ்வாய்வாளர் கண்டிலர்.

சொட்டின் உரிமை குறித்த மேலாய்வுக்கு நிதிநல்கை கோரி விண்ணப்பித்திருக்கிறோம். அது வரும்வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டாம். அரை இஞ்சு வாஷர் என்று கேட்டால் எந்த ஹார்டுவேர் கடையிலும் கொடுப்பார்கள். இரண்டாக வாங்கி வையுங்கள்.