‘எந்த ஊர்?’ என்னும் வினாவின் விசாரணை

அந்நிய தேசத்தில் இறங்கிய மனிதனிடம் கேட்கப்படும் வினாக்களுள், பெயர் என்ன, தொழில் என்ன, குழந்தைகள் எத்தனை என்பனவெல்லாம் சர்ச்சைக்கு இடமின்றி விடை சொல்லத்தக்கவை, ‘எந்த ஊர்?’ என்ற ஒன்று மட்டுமே, கேட்பவர் நிற்கும் இடத்துக்கேற்ப விடை மாறுவதும், மெய்யைச் சொன்னால் விளங்காமலும் விளங்கும்படி சொன்னால் மெய்யாகாமலும் போவதுமாகிய விசித்திர லக்ஷணம் உடையது. கடற்கரை விடுதியில் கூட்டத்தோடு தங்கி, கூட்டத்தோடு சாப்பிட்டு, கூட்டத்தோடு திரும்புகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை; அங்கே அவர்களுக்கு ஊரே கிடையாது, அறை எண்தான் உண்டு. வழிகாட்டியின் குடைக்குப் பின்னால் நடக்காமல், உள்ளூர்ப் பஸ்ஸிலும் சந்தைக் கடைப் பெஞ்சிலும் தனியே போய் உட்காருகிறவனுக்கே இவ்வினா நாளொன்றுக்குப் பத்துத் தடவை எழும். அப்படிப்பட்ட பிரயாணங்கள் சிலவற்றைச் செய்த அனுபவமும், பிறந்தது ராஜபாளையம் என்ற சங்கடமும் ஒருங்கே உடையவனாதலால், பெரியோர் தொடாது விட்ட இவ்விஷயத்தை ஆராயத் துணிந்தேன்.

தமிழர்களுள் தனிவழி யாத்திரைக்கு ஆதி புருஷர் என்று கருதத்தக்க ஏ.கே. செட்டியார், மகாத்மாவைப் பற்றிய திரைப்படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்து, சுமார் ஒரு லட்சம் மைல் கடந்து, 1940-ல் படத்தை வெளியிட்டார் என்பது யாவரும் அறிந்ததே. அவர் கோட்டையூர்க்காரர். லட்ச மைல் தூரத்தில் எத்தனை துறைமுகங்களில், எத்தனை உத்தியோகஸ்தர்களிடம், கோட்டையூர் என்பது காரைக்குடிக்குப் பக்கம் என்றும், காரைக்குடி என்பது மதுரைக்குக் கிழக்கே என்றும் அவர் விளக்க நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், படம் முடிந்ததே பெரிய காரியம் என்று தோன்றுகிறது.

என் ஆராய்ச்சியில் முதலில் புலப்பட்டது, ‘விலாசச் சுருக்க விதி’ என்று நான் பெயரிட்டிருக்கும் பொது நியதியாகும். தூரம் கூடக்கூட ஊரின் பெயர் பெரிதாகும், ஊரோ சிறிதாகும். மதுரையில் நின்றால் ராஜபாளையம் என்கிறோம். சென்னையில் மதுரைப் பக்கம் என்கிறோம். தில்லியில் மதராஸ் என்கிறோம். எல்லை கடந்ததும் இந்தியா என்று முடித்துவிடுகிறோம். முடித்தாலும் கேட்டவர் முடிக்கிறாரில்லை. தமக்குத் தெரிந்த ஓர் ஊரை அதற்குள் தேடி எடுத்து நமக்கே தானம் செய்கிறார். சமர்க்கந்தில் தொப்பியணிந்த ஒரு முதியவர், நான் ‘இந்தியா’ என்று சொல்லி வாய் மூடுமுன், ‘ராஜ் கபூர்!’ என்று கூவி என் கையைப் பற்றிக் குலுக்கினார். 1954-ல், சமர்க்கந்தும் அடங்கியிருந்த சோவியத் நாட்டில் ராஜ் கபூரின் ‘ஆவாரா’ படம் ஓடிய ஓட்டத்தின் பலனை, பம்பாயை இரண்டே தடவை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்த நான் அனுபவித்தேன். ஜப்பானில், பெரிய நகரங்களைவிட்டு விலகிய ஒரு சிற்றூரில், நூடுல்ஸ் கடைக்காரர் சற்று யோசித்து ‘முத்து’ என்றார். 1998-ல் ரஜினிகாந்தின் அந்தப் படம் டோக்கியோவில் போட்ட போடு அவ்வளவு தூரம் எட்டியிருந்தது. அன்று அரை மணி நேரம் நான் ரஜினிகாந்தின் ஊர்க்காரனாக மரியாதை பெற்றேன்; மறுத்துரைப்பது விருந்தோம்பலுக்கு இழுக்கு என்று இருந்துவிட்டேன்.

இனி உபவிதி. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ள தூரம் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். அபிப்பிராய பேதமோ அளவிடற்கரியது. ஸ்ரீவில்லிபுத்தூராருக்கு ஆண்டாள், பதினொரு நிலைக் கோபுரம், பெரிய தேர். அரசாங்க முத்திரையில் இருப்பதும் தங்கள் கோபுரமே என்பார்கள், மதுரையார் அதை ஒப்பமாட்டார்கள். எங்களுக்கு நூற்பாலைகள், மாம்பழம், 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தை ஆண்ட முதல்மந்திரி குமாரசாமி ராஜா, மற்றும் நாய். அந்த வெள்ளை நாயை 2005-ல் தபால்தலையிலும் அச்சிட்டார்கள். ஆகவே எங்களூரார் பலர் எட்டிப் பாராத தேசங்களுக்கு எங்களூர் நாய் உறையின் மூலையில் உட்கார்ந்து போய்ச் சேர்ந்திருக்கிறது. இத்தனையிருந்தும், வெளிநாட்டுத் தமிழர் ஒருவர் ஊரைக் கேட்டால், ராஜபாளையத்தான் நாக்கில் முந்தி வருவது ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்’ என்பதே. உள்ளூரில் உயிர்போனாலும் சொல்லாத இவ்வாக்கியத்தைக் கடல் கடந்ததும் கூசாமல் சொல்வதற்குக் காரணம் ஒன்றே, அவ்வூர்ப் பால்கோவா.

பால்கோவாவைப் பற்றிப் பிரயாண சாஸ்திரத்தில் ஒரு தீராத விவாதம் உண்டு. கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாது ஆதலின் அது திடம் என்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கொள்கை. விரலால் தடவினால் பரவும் ஆதலின் கூழ் என்பது விமான நிலையக் கொள்கை. கூழாயின் நூறு மில்லிலிட்டருக்கு மேல் கைப்பையில் ஏற்றக் கூடாது. 2019-ல் புவிசார் குறியீடு அளித்தவர்கள் ஊர் எது என்று தீர்த்தார்களேயன்றி, பொருள் எது என்று தீர்க்கவில்லை. விளைவாக, ஒரு விமான நிலையத்தில், பரிசோதகரின் மேஜையருகே நின்றபடி கால் கிலோவையும் நானே உண்டு தீர்க்க நேர்ந்தது. வயிற்றுக்குள் போனபின் அது திடமா திரவமா என்று எவரும் கேட்கவில்லை.

இங்கே ஒரு பூர்வபக்ஷம். ‘ஊர் என்பது நிலையான வஸ்து, அதைத் தூரத்துக்கேற்ப மாற்றிச் சொல்வது அசத்தியமன்றோ?’ என்று ஆக்ஷேபிப்பார் உளர். அவர்களுக்கு விடை: ஊரே அவ்வளவு நிலையானதன்று. எங்கள் ராஜபாளையமும் அடங்கியிருந்த ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாலுகா 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. பிறகு ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போயிற்று. 1985-ல் இன்றைய விருதுநகர் ஜில்லாவுக்கு வந்து சேர்ந்தது. ஓரடியும் நகராமல் மூன்று ஜில்லா சுற்றி வந்த ஊரில் பிறந்தவன், விலாசத்தைச் சற்றே நீட்டிக் குறுக்கிச் சொன்னால் அது குற்றமாகாது.

இச்சித்தாந்தத்துக்கு எதிர்பாராத பரீட்சை இலங்கையில் நேர்ந்தது. பதுளை ரயிலில் வந்த பரதேசிகள் எல்லாரும் படம் பிடிப்பதற்காக எல்ல என்னும் ஊரை நோக்கிப் போக, நான் மட்டும் அப்புத்தளையில் இறங்கி, மூடுபனிக்கு ஒதுங்க ஒரு தேத்தண்ணிக் கடையில் நுழைந்தேன். அடுப்படியில் இருந்த பாட்டி, என் செருப்பையும் தோள்பையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “தம்பிக்கு இந்தியாவுல எந்த ஊரு?” என்றார். விதிப்படி ‘மதுரைப் பக்கம்’ என்றேன். “பக்கம்னா?” என்றார். உபவிதிப்படி ‘ஸ்ரீவில்லிபுத்தூர்’ என்றேன்.

பாட்டி கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தார். “வில்லிபுத்தூரா? அங்கேருந்து ராசபாளையம் எவ்வளவு தூரம் தம்பி? எங்க தாத்தா ராம்நாட்டு ஜில்லா ராசபாளையத்துலேருந்துதான் தோட்டத்துக்கு வந்தது. நான் பார்த்ததில்ல.”

ஜில்லா பெயர் மாறி எத்தனையோ வருஷங்கள் ஆகியும், எங்கள் ஊரின் பழைய விலாசம் அந்த மலையில் கலையாமல் இருந்தது. அதைக் கையில் வைத்திருந்தவரிடம், அவ்வூரிலேயே பிறந்த நான் வேறு ஊரைச் சொல்லி உட்கார்ந்திருந்தேன். நாயும் நூற்பாலையும் குமாரசாமி ராஜாவும் ஒருசேர என்னை முறைப்பதாக உணர்ந்து, தாழ்ந்த குரலில், “பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும் பாட்டி, உண்மையில் என் ஊர் ராசபாளையந்தான்” என்றேன்.

“பன்னிரண்டுதானா?” என்று அவர் சிரித்தார். “அப்ப ரெண்டும் ஒரே ஊருதானே! அதுக்கு ஏன் தம்பி இப்படி முழிக்கிற?” தேத்தண்ணிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

இரண்டு ஊரும் ஒன்று என்னும் இம்முடிவை, ஊர் திரும்பிய மறுநாளே, மதுரையிலிருந்து வந்த பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் வெளியிட்டேன். அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். கிருஷ்ணன்கோவில் தொடங்கித் தம் ஊரில் இறங்கும் வரை அவர் கூறிய மறுப்புகளை விரிவஞ்சி விடுகிறேன். அவர் இறங்கியதும் அந்த இடத்தில் வந்து அமர்ந்தவர் என்னைப் பார்த்து, “எந்த ஊர்?” என்றார். “ராஜபாளையம்” என்றேன், இம்முறை கலப்படம் இல்லாமல்.

“அது தெரியுது. எந்தத் தெரு?”